சகதிக்கு ஏத்த வண்டி

ராசிங்காபுரம்,
கார்த்திகை 5.

அன்புள்ள சூர்யகலாவுக்கு மகாராஜன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன்னு எழுதினா நீ நம்பமாட்டே. மாடுங்க ஆறும் நல்லா இருக்கு. மலை மேலே குளிர் எப்படி? ஏலக்காய் எடுக்க இப்பவே கிளம்பிறாதே, உடம்பு தேறட்டும். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிற. அதான் எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்துற ஜீப்புக்காரர் பாண்டியராஜ் அண்ணன்கிட்டக் கொடுத்து விடுறேன். கிழிச்சுப் போடுறதா இருந்தாலும் படிச்சிட்டுக் கிழி.

பெரிய டிராக்டரை வந்த விலைக்கு வித்துட்டேன். மழைக்குத் தொழுவத்துப் பாதை சகதியாயிரும், கனமான வண்டி புதையும், சின்னதா நாலு சக்கரமும் இழுக்கிறதா வாங்குங்கன்னு நீ அப்பவே சொன்னே. மாட்டுக்கு வைக்கோல் போடுறவ நீ. ஊருக்குள்ள கெத்தா ஓட்டணும்னு நான்தான் பெருசை எடுத்தேன். உனக்கென்ன தெரியும்னு உங்க அண்ணன் முன்னாடியே கேட்டேன். அந்த வாயை என்ன செய்ய.

முதல் மழைக்கே அது அச்சு வரைக்கும் புதைஞ்சது. அதை இழுக்க ஆள் தேடி நான் போடிக்கு அலைஞ்ச நேரத்துல, மாடு பசியில கத்துதேன்னு ஏழு மாச வயித்தோட நீ வைக்கோல் கட்டைத் தலையில தூக்கிட்டே. வழுக்கி விழுந்தே. நம்ம பிள்ளை போச்சு. வந்தவங்க எல்லாரும் மழையைத் திட்டினாங்க. நானும் தலையாட்டிட்டு நின்னேன். தப்பு மழை மேல இல்ல கலா, என் மேல.

இப்ப ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன். ரெண்டும் சின்னது, முன் சக்கரமும் இழுக்கும். ஒண்ணுக்கு டயர் அகலம், சகதியில அமுங்காதுங்கிறாங்க. இன்னொண்ணு முன்னாடியே கட்டைத் தூக்கி வைக்கும், ஆனா தூக்கினா முன்பக்கம் கனத்துப் புதையுமோன்னு பயமா இருக்கு. எதுன்னு நீதான் சொல்லணும்.

இன்னொண்ணும் உன்னைக் கேக்காமத்தான் செஞ்சேன். ஆஸ்பத்திரியில பிள்ளை முகத்தைக் காட்டச் சொல்லி அழுதே. பார்த்தா நீ தாங்கமாட்டேன்னு நானே முடிவு பண்ணித் தூக்கிட்டுப் போயிட்டேன். தலை நிறைய முடி. உன் நெத்தி. தொழுவத்துக்கு மேற்கே, வண்டி திருப்புற மூலையில அவளை அடக்கம் பண்ணியிருக்கேன். தண்ணி நிக்காத இடம் அது ஒண்ணுதான். பெரிய வண்டி திரும்பணும்னா அவ மேல ஏறித்தான் திரும்பணும். என்னால ஓட்ட முடியல.

நம்ம குலசாமி உன் உடம்பைத் தேத்திக் கொடுக்கட்டும். ஒரு தடவை வந்து அந்த இடத்தைப் பாரு. பார்த்துட்டு மேலேயே இருந்துக்கிறேன்னு சொன்னா, நானே உன்னை ஜீப்புல ஏத்தி விடுறேன்.

இப்படிக்கு,
மகாராஜன்