ஒற்றைக் கொம்பு

அன்புள்ள நோரீன்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடி ஏறாதே, கீழேயே படுத்துக்கொள். வயோமிங்கில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஞாயிறன்று குழாய் பதிக்கும் வேலை இல்லை. உடன் வேலை செய்யும் மெர்ல், மான்கள் உதிர்த்த கொம்பு பொறுக்க என்னைப் பொது நிலத்துக்குக் கூட்டிப்போனான். கொம்பென்று நான் ஓடிப்போய்ப் பார்த்ததெல்லாம் காய்ந்த கிளைகள். கடைசியில் ஒரு புதரடியில் நிஜமாகவே ஒன்று கிடந்தது.

"பாவம், மான் செத்துப்போச்சா?" என்றேன்.

"அட லூசு, உதிர்ந்தா மறுபடி முளைக்கும்டா! ஜோடி பக்கத்துலதான் கிடக்கும். இங்க ஒரு அடையாளம் வச்சுட்டுச் சுத்திச் சுத்தித் தேடு" என்றான்.

நீ பின்னித் தந்த கையுறையில் ஒன்றைப் புதரில் மாட்டிவிட்டுத் தேடினேன். பொழுது சாய்ந்ததுதான் மிச்சம். ஜோடி அகப்படவில்லை. திரும்பினால் எல்லாப் புதரும் ஒன்றுபோலவே இருக்கிறது, கையுறையும் போயிற்று.

"சாம்பல் நிறப் புதர்ல சாம்பல் நிற கிளவுஸை மாட்டுன ஒரே ஆளு இவன்தான்!" என்று மெர்ல் முகாம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறான். நானும் சிரித்தேன்.

கொம்பு ஜன்னலோரம் இருக்கிறது. ஒற்றை என்பதால் எப்படி வைத்தாலும் சாய்ந்துவிடுகிறது.

ஒரு கையுறை பின்னி அனுப்பு. இடது கைக்கு மட்டும் போதும். ஆரஞ்சு நிறமாக இருக்கட்டும். மெர்ல் தபால் நிலையம் போக ஹாரன் அடிக்கிறான், முடிக்கிறேன். அனுப்புமுன் ஒருநாள் முழுக்க நீயே அதைப் போட்டுக்கொண்டிரு.

உன்,
வெண்டல்