சிவப்பும் பச்சையும் இடம் மாறிய நான்கு படகுகள் பற்றி

அனுப்புநர்:
மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்,
படகுத்துறைச் சாலை.

பெறுநர்:
படகுப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
ஏரிப் படகுத்துறை அலுவலகம்.

பொருள்: உல்லாச வாடகைப் படகுகளில் திசை விளக்குகள் தவறாகப் பொருத்தப்பட்டிருப்பது, உடனடி ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பொழுதுபோக்குக்காகச் சிறிய மோட்டார் படகு ஒன்று வைத்திருக்கிறேன். மீன் பிடிக்கப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்வேன். மீன்களுக்கு என்னால் இதுவரை எந்த ஆபத்தும் நேர்ந்ததில்லை.

2. படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை எரிய வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. இருட்டில் படகு தெரியாது, விளக்கு மட்டுமே தெரியும். பச்சை மட்டும் தெரிந்தால் அந்தப் படகின் வலப்பக்கத்தைப் பார்க்கிறோம், அது நமக்கு வலப்புறமாகப் போகிறது என்று பொருள்.

3. சென்ற ஞாயிறு பொழுது சாய்ந்து கரைக்குத் திரும்பும்போது, என் வலப்பக்கம் ஒரு பச்சை தெரிந்தது. விலகித்தான் போகிறது என்று நிம்மதியாக நேரே வந்தேன். அந்தப் பச்சை விலகவில்லை, பெரிதாகிக்கொண்டே வந்தது. பயணிகள் நிறைந்த வாடகைப் படகு ஒன்று என் மூக்குக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தது. சுக்கானைத் திருப்பியதில் என் படகின் ஓரம் மட்டும் உரசிற்று. அந்தப் படகில் ஒரு கைக்குழந்தை அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதை ஓட்டி வந்தவள் என் மகள்.

4. "கண்ணாடிக் கடை வச்சுக்கிட்டுக் கண்ணு தெரியலையாப்பா?" என்றாள். படகுகளின் உரிமையாளரான சம்பந்தி, துறையில் நாலு பேர் முன்னிலையில், "சம்பந்தி, நீங்க ஒரு நல்ல கண்ணாடிக் கடையாப் பாத்துப் போங்க" என்றார். துறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

5. மறுநாள் காலை, பழம் வாங்கப் போகிறவன்போலத் துறைக்குப் போய்ப் பார்த்தேன். சம்பந்தியின் நான்கு படகுகளிலும் சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். மாட்டியவர் படகின் முனையில் உட்கார்ந்து, எஞ்சினைப் பார்த்தபடி, தன் இடக்கைப் பக்கம் சிவப்பை முடுக்கியிருக்கிறார். படகுக்கு அது வலப்பக்கம். பின்பக்க வெள்ளை விளக்கோ, பயணிகளின் போட்டோவில் கூசுகிறதென்று துணி சுற்றி மூடப்பட்டிருக்கிறது.

6. மாட்டியவர் என் மாப்பிள்ளை. ஐயா, இங்கேதான் சிக்கல். "விளக்கெல்லாம் சரியாத்தானே இருக்கு மாப்பிள்ளை?" என்று பட்டும் படாமலும் கேட்டேன். "ஜம்முனு எரியுது மாமா" என்றார். அதற்கு மேல் எந்த மாமனாரால் பேச முடியும்? மகளிடம் போனேன். "அவர் தன் கையால மாட்டினது, அதுல குறை சொல்லாதீங்கப்பா" என்றாள். ஓட்டும் இருக்கையிலிருந்து அந்த நிறங்கள் அவளுக்குத் தெரியாது. "மாப்பிள்ளைகிட்ட வாயத் தொறந்தீங்கன்னா உங்களுக்குச் சோறு கடையிலதான்" என்று என் மனைவி அறிவித்துவிட்டாள். ஆகவே அரசாங்கத்திடம் வருகிறேன்.

7. திங்கள் முதல் பள்ளி விடுமுறை. இருட்டிய பிறகும் படகுகள் ஓடும். அக்கரை செல்லும் பெரிய பயணிகள் படகும் அதே தடத்தில் வரும். அதன் ஓட்டுநர் விளக்கை நம்பித்தான் திருப்புவார். என்னுடையது சின்னப் படகு, உரசலோடு போயிற்று. அது உரசாது, ஏறும்.

8. எனவே, விடுமுறை தொடங்கும் முன் துறையிலுள்ள எல்லாப் படகுகளையும் ஆய்வு செய்து, விளக்குகள் சரியாகும்வரை பொழுது சாய்ந்தபின் எதையும் நீரில் இறக்கவிடாமல் தடுக்குமாறு வேண்டுகிறேன். யாருக்கும் சந்தேகம் வராதிருக்க, ஆய்வை என் படகிலிருந்தே தொடங்கலாம். அதன் பச்சை விளக்கு மங்கல். முதல் அபராதத்தை எனக்கே போடுங்கள்.

9. புகார்தாரர் யார் என்பதை வெளியிட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. பெயரைச் சொன்னால்தான் படகுகளை நிறுத்த முடியுமென்றால், தாராளமாகச் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருக்கட்டும், கடைச் சோற்றுக்கும் பழகிக்கொள்வேன். திங்கள் மாலை துறையில் நின்று, இருட்டுக்குள் எந்தப் பச்சை என் மகள் என்று தேட மட்டும் என்னால் முடியாது.

தங்கள் ஆட்களை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்

இடம்: படகுத்துறைச் சாலை
நாள்: விடுமுறைக்கு முந்தைய வியாழன்