ஐந்து சாம்பல் கோடுகள்

மார்ச் 4, செவ்வாய்
குடும்பத்தார் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் செயலிக்குத் திரை வரைவது என் வேலை. செய்தி வந்து சேரும்வரை வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பயன்படுத்துகிறவர்கள் மூன்றே விநாடியில் மூடிவிட்டு ஓடினார்கள். வட்டத்தைத் தூக்கிவிட்டு, செய்திகள் வரப்போகிற இடத்தில் ஐந்து சாம்பல் கோடுகள் போட்டேன். இப்போது எட்டு விநாடிகூடப் பொறுக்கிறார்கள். முதலாளி கைகுலுக்கினார். ஐம்பத்திரண்டு வயதில் கோடு போட்டுப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

மகளிடம் சொல்லலாம். பேசி ஏழு வாரம் ஆகிறது.

மார்ச் 5
காரணத்தை இங்கேயாவது எழுதுகிறேன். விருந்துக்கு வந்த பதினோரு பேர் முன்னால் மருமகனை ‘பிரிண்டர்’ என்றேன். மூன்று தடவை கூப்பிட்டால்தான் ஏதாவது வெளியே வரும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். மகள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நல்ல ஜோக். அதுதான் கஷ்டம்.

மார்ச் 9, ஞாயிறு
எதிர்வீட்டு அம்மாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே மூன்று வீட்டுக் கதை சொன்னார். நான்காவதைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார், அது என் வீடாக இருக்கும்.

மார்ச் 11
அலுவலகத்தில் செயலியைச் சோதித்துப் பார்க்கும் அம்மாள் ஒரு புகாரோடு வந்தார். எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் ஃபோனில் சொன்னாராம்: “அஞ்சு கோடு தெரியுதும்மா. அஞ்சு பேர் எழுதியிருக்காங்கன்னு கண்ணாடியைத் தேடி எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள ஒண்ணுமில்லைன்னு வருது.”

நான் ஏதோ வேடிக்கை சொன்னேன். அம்மாள் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரியாதா? நானும் தினம் காலையில், பல்கூடத் துலக்காமல், அதே ஐந்து கோட்டைப் பார்த்து மகள்தான் என்று உட்கார்ந்திருப்பவன். வரைந்தவனே ஏமாறுகிறான் — இதைவிடக் கோமாளித்தனம் உண்டா?

மார்ச் 13
திருத்தியாயிற்று. எத்தனை செய்தியோ அத்தனை கோடு. ஒன்றும் இல்லையென்றால் கோடே கிடையாது, ஒரு வரி மட்டும்: ‘புதிதாக எதுவும் இல்லை. நீங்களே யாருக்காவது எழுதலாம்.’

மார்ச் 14
காலையில் திறந்தேன். என் வரி என்னையே பார்த்துச் சொல்கிறது. அட, போடா.

மார்ச் 16, ஞாயிறு
மகளுக்கு எழுதினேன். முதலில் இரண்டு ஜோக் இருந்தன, எடுத்தேன். மறுபடி எழுதியதில் ஒன்று முளைத்திருந்தது. அதையும் எடுத்தேன். மிஞ்சியது: “அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. அவர்கிட்டயும் சொல்லு.”

அனுப்பிவிட்டு, பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினேன்.

மார்ச் 18
ஒரு கோடு. ஒன்றே ஒன்று.

மகள் இல்லை. மருமகன்.

“மூணு தடவை கூப்பிடணும்னு சொன்னீங்க மாமா. நீங்க ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லையே.”

உண்மைதான். கல்யாணமாகி நான்கு வருஷம், அவர் எண்ணே என்னிடம் கிடையாது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கொடுத்தார்.

முதல் அழைப்பிலேயே எடுத்துவிட்டார். பேசும்போது பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் “மாப்பிள்ளை” என்றதும் அது நின்றது, பிறகு கேட்கவில்லை.

மீதி இரண்டு அழைப்பையும் நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் வைத்திருக்கிறேன்.