பனி மூட்டை மேல் உட்கார்ந்தவன்

நவம்பர் 6, வியாழன்

என்மேல் பொய் சொன்னார்கள். சொன்னது வெளியாள் இல்லை, என் மருமகள். காலையில் எல்லோரையும் மேடையில் கூட்டி, என்னையும் அந்தக் கூட்டத்திலேயே நிற்க வைத்து, "பனியைச் சலிக்காம மேல ஏத்திட்டார். இனிமே அந்தக் கயித்த அவர் தொட மாட்டார்" என்றாள். அவர் என்றால் நான். மாமா என்ற வார்த்தை கூட வரவில்லை அவள் வாயில்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

ஊர் ஊராகப் போகும் எங்கள் குழுவின் பாலே நாட்டியத்தில் இரண்டாம் அங்கத்தில் பனி விழும். பனி என்றால் தீப்பிடிக்காத வெள்ளைக் காகிதத் துணுக்கு. மேடைக்கு மேலே, ஆட்டக்காரர்களின் தலைக்கு வெகு உயரத்தில், துணியால் ஆன நீளத் தொட்டில் ஒன்று தொங்கும். அதன் ஒரு பக்கம் முழுக்க ஓட்டைகள். திரைமறைவில் நின்று கயிற்றை இழுத்து ஆட்டினால் பனி கொட்டும். ஆட்டம் முடிந்ததும் பெருக்கி மூட்டை கட்டுவோம். அடுத்த ஊரிலும் அதே பனிதான். பெருக்கும்போது பெண்களின் கொண்டையிலிருந்து விழுந்த ஊசி, ஜிகினா, காட்சித் தட்டியிலிருந்து கழன்ற திருகாணி எல்லாம் கூடவே வரும். அதற்காகத்தான் சலிப்பது. சல்லடை நானே செய்தது. யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு இந்த வேலையில் எதையுமே யாரும் சொல்லித் தந்ததில்லை.

போன ஊரில் நான் சல்லடையைக் கையில் எடுத்தபோது காதில் மாட்டிய ஹெட்செட்டில் அவள் குரல். "மாமா, இன்னைக்குச் சலிக்க வேணாம். லாரி கிளம்பணும், அப்படியே கட்டிடுங்க."

"திருகாணி கிடக்கும்மா."

"ஒரு நாள்தானே மாமா."

கட்டினேன். வீட்டில் அவள் மருமகள், மேடையில் அவள்தான் மேடை மேலாளர். அங்கே அவள் சொன்னால் சொன்னதுதான்.

நேற்று இங்கே தொட்டிலை ஆட்டினேன். காகிதத்தோடு ஒரு திருகாணி இறங்கியது. மேலே பார்த்துக் கை விரித்து நின்ற பெண்ணின் புருவத்தைக் கிழித்துவிட்டது. நாங்கள் கொக்கு என்று கூப்பிடும் பெண், அவ்வளவு நீளக் கால். புருவத்தில் தையல் போட்டார்கள். ஓர் இழை கீழே என்றால் கண்.

ஹெட்செட்டில் பேசினால் மாட்டியிருக்கும் எல்லோர் காதிலும் விழும். லைட்காரர் கேட்டார். ஒலிக்காரர் கேட்டார். திரை இழுப்பவர் கேட்டார். இன்று காலை எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க என்ன இருந்தது? நான்தான் பெருக்கியிருந்தேனே.

நவம்பர் 7, வெள்ளி

என்னைத் துணி அறைக்கு மாற்றியாகிவிட்டது. ஆட்டக்காரர்களின் வியர்த்த காலுறைகளை அலசிக் காயப் போட வேண்டும். அங்கே வேலை பார்க்கும் தையற்காரம்மா என்னைப் பார்த்ததும், "கயித்துக்கு ஏங்கிப் போயிருக்கீங்கன்னாங்க. இந்தாங்க, கொடிக்கயிறு" என்று நீட்டினார்.

வாங்கிக் கட்டினேன். இறுக்கமாகத்தான் கட்டினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

என் கயிற்றை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? என் மகனிடம். அவள் புருஷன், லாரி ஓட்டுகிறவன். கிணற்றில் வாளி இறைக்கிற மாதிரி இழுக்கிறான். பனி ஒரு பக்கம் பொத்தென்று விழுகிறது, மறுபக்கம் வறட்சி. பெற்ற பிள்ளையின் தொட்டிலையே ஒரு நாள் ஆட்டாதவன்.

"ஏன்டா ஒத்துக்கிட்ட?"

"அவ சொன்னா செய்யறேன்பா. மேடையில அவதான."

"நான் சொன்னா?"

"நீங்க வீட்ல சொல்லுங்க."

வீட்டுக்குப் போன் செய்தேன். பேரனைத் தூங்க வைத்துவிட்டு எடுத்தாள் என் மனைவி. முழுவதையும் கேட்டாள். "சின்னப் பொண்ணு, பயந்துட்டா. நீங்க பெரிய மனுஷனா நடந்துக்கக் கூடாதா?"

"பெரிய மனுஷன்னா வாய மூடிக்கறவனா?"

"சாப்டீங்களா?"

"அதை எதுக்கு இப்ப கேக்கற?"

"பசியில இருந்தா நீங்க இப்படித்தான் பேசுவீங்க."

சாப்பிடவில்லைதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நவம்பர் 10, திங்கள்

பேருந்து நின்ற இடத்தில் மருமகள் ஒரு காபியோடு வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். நாள் முழுக்கத் தலைவலி.

நவம்பர் 12, புதன்

இன்று செய்ததை நாளையும் செய்வேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

மதியம் லாரியிலிருந்து மூட்டைகளை இறக்கினார்கள். என் வேலை இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, ஒரு மூட்டையை அவிழ்த்து உள்ளே விட்டேன். முதல் பிடியிலேயே கொண்டை ஊசி. இரண்டாவதிலும். ஒரு பெண்ணின் முகம் கிழிந்த பிறகும் சலிக்கவில்லை! மகனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஊசிகளை மருமகள் முன்னால் நீட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "இப்ப நேரமில்ல மாமா. கடிகாரம் கத்தறார்."

கடிகாரம் என்பது எங்கள் சுற்றுப்பயண மேலாளர். மனிதர் யார் முகத்தையும் பார்த்து நான் கண்டதில்லை, மணிக்கட்டைத்தான் பார்ப்பார்.

திரும்பிப் போய் மூட்டைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு மேலே உட்கார்ந்தேன். இரண்டு விஷயம் கேட்டேன். பனியைச் சலிக்க வேண்டும். என்மேல் சொன்ன பொய்யைச் சொன்ன வாயே திரும்ப எடுக்க வேண்டும்.

கடிகாரம் வந்தார். "பெரியவரே, எந்திரிங்க."

"எந்திரிச்சா சலிக்கணும். சலிச்சா லேட்டாகும். நான் உக்காந்திருந்தா உங்களுக்குத்தான் சார் நேரம் மிச்சம்."

மகனைக் கூப்பிட்டார். "உங்கப்பாவைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பா."

"முதுகு பிடிச்சிருக்கு சார்" என்றான். காலையில்தான் இரும்புப் பெட்டியைத் தனியாளாக இறக்கியவன். என்னைப் பார்க்காமலே போய்விட்டான். பையன் மோசமில்லை.

திரை தூக்கினார்கள். பனி வரும் இடத்தில் இசை மெலிந்தது. பெண்கள் எல்லோரும் முகத்தை உயர்த்திக் கை விரித்தார்கள். ஒன்றும் விழவில்லை. நான் மூட்டை மேல் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

கை தட்டினார்கள். நேற்றே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. பனியே இல்லாமல் ஆட்டம் முடிந்தது, சனங்கள் எப்போதும்போல எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒருத்தராவது பனி எங்கே என்று கேட்டாரா?

கடிகாரம் இன்று துணி அறைக்கே வந்தார். சிரித்த முகம். "நீங்க நல்ல யோசனைதான் குடுத்தீங்க. பனி இல்லாமலே நடக்குதே. ஞாயித்துக்கிழமை அந்த மூட்டைய எல்லாம் இறக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன். நீங்களும் அதுகூடவே இறங்கிக்கலாம்."

அப்போ நான் இத்தனை காலம் கயிறு பிடித்தது எதற்கு? இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால்? வீம்பு பிடித்து என் வேலையை நானே கெடுத்துக்கிட்டேனா?

இல்ல. ஊசி இருந்துச்சு. என் கையாலதான் எடுத்தேன். கை தட்டினாங்கன்னா ஊசி இல்லன்னு ஆயிடுமா?

நவம்பர் 14, வெள்ளி

காலுறை வாங்க வருகிற சாக்கில் கொக்கு வந்தாள். புருவத்தில் பிளாஸ்திரி. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளாகவே பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயா, பனி இல்லாம ஆட முடியல."

"நல்லாத்தானே கை தட்டினாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? மேல பாத்துட்டு நிக்கறோம், ஒண்ணுமே வரல. வரிசையா நின்னு பல்லி தேடற மாதிரி இருந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, பக்கத்துல இருக்கறவ கிள்ளினா."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இது உங்களாலதானா?" பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் சொன்னா என் பக்கம் சொல்றேன்னு ஆகும். அன்னைக்கு ஹெட்செட் மாட்டியிருந்தவங்க இருக்காங்க, அவங்ககிட்ட கேளு. ஒவ்வொருத்தரையா கேளு. தரையைப் பாத்தா விடாத."

விடவில்லை அவள். மாலைக்குள் லைட்காரர் மூன்று தடவை என் அறை வாசல்வரை வந்து திரும்பிப் போனார்.

நவம்பர் 15, சனி

பேருந்தில் பகல் முழுக்கப் பயணம். மருமகள் முன் இருக்கையிலிருந்து எழுந்து வந்தாள்.

"மாமா, தள்ளி உக்காருங்க."

ஜன்னல் பக்கம் தள்ளினேன். ஒரு பாலம் தாண்டினோம், இன்னொன்றும் தாண்டினோம்.

"நான்தான் சலிக்க வேணாம்னேன்னு சொல்லியிருந்தா, கடிகாரம் என்னை அந்த ஊர்லயே இறக்கி விட்டிருப்பார்."

"அதுக்கு என்னை இறக்கி விட்ட."

"நீங்க நம்ம ஆளு. தாங்கிப்பீங்கன்னு நெனச்சேன் மாமா."

"நம்ம ஆளுன்னா மிதிச்சிட்டு ஏறிப் போற படியா?"

கண்ணைத் துடைத்தாள். எனக்கு இளகவில்லை. கொஞ்சம் இளகியது, காட்டவில்லை.

"என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"எங்க சொன்னியோ அங்க சொல்லு. எல்லாரும் நிக்கும்போது. அன்னைக்கு எவ்வளவு சத்தமா சொன்னியோ அவ்வளவு சத்தமா."

"வேலை போயிடும்."

"எனக்கும்தான் போகுது, நாளைக்கு. மூட்டையோட."

அவள் எழுந்து போகவில்லை. சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். பேருந்து குலுங்கும்போதெல்லாம் முன்னிருக்கைக் கம்பியில் தலை முட்டியது. என் துண்டை மடித்துக் கம்பியில் கட்டினேன். இதனால் சமாதானம் ஆகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நவம்பர் 16, ஞாயிறு

காலைக் கூட்டம். புது அரங்கம், அதே முகங்கள். பனி மூட்டைகள் வாசலருகே, தூக்கிப் போடத் தயாராக.

மருமகள் நடுவில் வந்து நின்றாள். "அன்னைக்குச் சலிக்க வேணாம்னு சொன்னது நான். மாமா திருகாணி கிடக்கும்மான்னார். நான்தான் கட்டச் சொன்னேன். பழியை அவர் மேல போட்டதும் நான்தான்."

சத்தமாகத்தான் சொன்னாள். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் உடைந்தது.

கடிகாரம் மணிக்கட்டைப் பார்த்தார். "சரி. அப்ப நீ இன்னையோட கிளம்பிக்கோ."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். திட்டம் போட்டுப் பேசவில்லை, வந்துவிட்டது.

"ஏன் சார், அவ எதுக்கு அப்படிச் சொன்னா? லாரியை அவ்வளவு அவசரமா யார் கிளம்பச் சொன்னது? நீங்களும் இங்கயே, இப்பவே சொல்லிடுங்க."

"பெரியவரே, உங்களுக்கு இதுல..."

"எனக்குத்தான் இதுல சம்பந்தம். ஒரு பழியைத் தூக்கினவனுக்குத் தெரியும் சார், அது யார் தோளுக்கு அளவெடுத்ததுன்னு."

லைட்காரர், தரையைப் பார்க்காமல், "நான் கேட்டேன் சார். 'லாரி கிளம்பலன்னா நீ கிளம்பு'ன்னு சொன்னீங்க இவங்ககிட்ட. ஹெட்செட்லதான் சொன்னீங்க" என்றார். ஒலிக்காரர் நானும் என்றார். திரை இழுப்பவர் தலையாட்டினார். கொக்கு பிளாஸ்திரியை மெல்லப் பிய்த்து எடுத்துத் தையலைக் காட்டினாள். "சலிச்ச பனின்னா மேல பாப்போம். இல்லன்னா இன்னைக்கு யாரும் தலை தூக்க மாட்டோம்."

கடிகாரம் மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார். முதல் தடவையாக அதில் அவருக்கு வேண்டியது இல்லை போலிருக்கிறது. "எவ்வளவு நேரமாகும்?" என்றார்.

"சலிச்சு முடியற வரைக்கும்" என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

நேற்றுப் பனி விழுந்தது. நிதானமாக, மேடை முழுக்க ஒரே சீராக. என் கை மறக்கவில்லை.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். பேசினதெல்லாம் காற்றோடு போகக் கூடாது.

கடிகாரம்: மூட்டை கட்டி முடிந்தது என்று நான் சொன்ன பிறகுதான் லாரியைக் கிளப்பச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டிருக்கிறார். மறப்பார். நான் நினைவுபடுத்துவேன், தினமும்.

லைட்காரர், ஒலிக்காரர், திரை இழுப்பவர்: முறை வைத்துச் சல்லடை பிடிக்க வேண்டும். காது கேட்டும் வாய் திறக்காததற்கு இது போதும்.

மகன்: என் கயிற்றைத் தொடவே கூடாது. முதுகுவலி என்று இன்னொரு தடவை பொய் சொல்ல வேண்டி வந்தால் சொல்லலாம், தடையில்லை.

கொக்கு: தையல் பிரிக்கும் வரை தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றுவாள்.

மருமகள்: மேடை மேலாளராகவே இருக்கிறாள், இருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஆனால் என்னிடம் தனியாக, மன்னிச்சுக்கங்க மாமா என்று இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். காலையில் என் துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்தாள், கூடவே காபி. அது கணக்கில் வராது. காபியைக் குடித்தேன், அதுவும் வராது.

நான்: அவள் வந்து சொல்லும்போது, உடனே 'பரவாயில்லம்மா' என்று சொல்லிவிடக் கூடாது. குறைந்தது ஓர் ஊராவது தாண்டட்டும்.