அளக்காமல் விட்ட கால்

கோபம் இல்லைங்க, பயம். ஸ்கேன் அறைக்குள் போகும்போது "என் மேல கோபமா?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, "கெண்டைக்கால் பிடிச்சிருக்கு. பிசியோதெரபிஸ்டைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு லாபம் வேணாமா? அழுத்துடி, முரட்டுக் கைக்காரி" என்றீர்கள். மூன்று நாள் அழுத்தினேன்.

யார் வந்தாலும் முதலில் இரண்டு கால்களையும் நாடாவால் அளப்பேன். நம் வீட்டுக் கால்தானே என்று உங்களுக்கு அளக்கவில்லை. இன்று காலை அளந்தேன். இடது கெண்டைக்கால் மூன்று சென்டிமீட்டர் பெருத்து, சூடாக இருந்தது. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை என் கட்டைவிரலே நுரையீரலுக்குத் தள்ளிவிட்டிருந்தால்?

"தேய்ச்சு விட்டீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டபோது, இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

உங்கள்
முரட்டுக் கைக்காரி

மடித்ததைப் பிரித்து எழுதுகிறேன். டாக்டரிடம் போய், மூன்று நாளும் அழுத்தியது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.