முந்தானைக்குள் இருந்த கை

அம்மா,

நேற்று உன் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பிரியாணி தம்மில் இருந்த நேரத்தில் அண்ணன், ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்தான். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. "அம்மா எப்படி இருந்தாங்கன்னு பாருங்க" என்றான்.

டிவியில் நீ வந்தாய். ஈஸ்டருக்கு மட்டும் கட்டும் நீலப் பட்டு. முந்தானையை வலது தோளையும் மூடிப் போர்த்தியிருந்தாய். வாதத்தில் விழுந்த அந்த வலது கை மெல்ல எழுந்து நெற்றியைத் தொட்டது, மார்பைத் தொட்டது, இரண்டு தோள்களையும் தொட்டது. அத்தை மூக்கை உறிஞ்சினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி இவ்ளோ நல்லா தூக்கறாங்களே, அப்புறம் எப்படிடி அந்தக் கை கட்டையாட்டம் போச்சு? தினமும் பயிற்சி குடுத்தியா, இல்ல ஸ்கூலு ஸ்கூலுன்னு ஓடிட்டியா?"

சொல்லு, நான் என்ன பதில் சொல்லட்டும்?

அடையாறில் வீட்டுக்கே வந்து கைப்பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர் இருக்கிறார் என்று நீ வாதத்தில் விழுந்த புதிதிலேயே சொன்னேன். "உங்க அண்ணன் ஏற்பாடு பண்ணியிருக்கான், அவன் மனசு நோகும்" என்றாய். அவன் ஊரில் ஒரு பயிற்சியாளர். நாம் இங்கே படம் பிடித்து அனுப்ப வேண்டும், அவள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் செய்துகாட்டிக் கேசட் அனுப்புவாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் கேசட்டிலேயே அவள் கேட்டது, இந்தக் கையால் நீங்கள் முக்கியமாக என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதுதான். "சிலுவை போட்டுக்கணும்" என்றாய், யோசிக்காமல். ஞாயிறுதோறும் கோயிலில் எல்லார் கையும் எழும்போது உன் கை மடியிலேயே கிடக்கும். இடது கையால் போடச் சொன்னால், "பீச்சாங்கையாலயா, ஆண்டவர் முன்னாடியா?" என்று சீறுவாய்.

படம் பிடிக்க வந்தவர் கல்யாண வீடியோக்காரர். நீயும் கல்யாண வீடு மாதிரிதான் பண்ணினாய். பவுடர், பூ, பட்டு. தோளைத் தாங்கும் துணிப்பட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னாய்.

"கொஞ்சம் சிரிங்கம்மா, லைட்டு சூப்பரா கீது" என்றார் அவர்.

நீ என்னைப் பக்கத்தில் இழுத்தாய். "முந்தானைக்குள்ள கைய விட்டு முழங்கையத் தாங்கு. படத்துல நீ தெரியக் கூடாது."

"அம்மா, முடியலன்னு தெரிஞ்சாதானே அவங்க அதுக்கு ஏத்த மாதிரி சொல்லுவாங்க?"

"பாக்கப் போறது என் மவன்டி. நொண்டியாயிட்டேன்னு அவன் அங்க உக்காந்து அழணுமா? தாங்கறதுன்னா தாங்கு, இல்லன்னா கேமராவ அனுப்பிடு."

தாங்கினேன். பதில் கேசட்டில் அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தாள். கை தானாகவே எழுகிறது, இனித் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கிப் பழகலாம் என்றாள். அவள் கண்ணால் கண்டதற்கு அதுதான் சரியான பயிற்சி. அதைத் தொடவே கூடாது என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாட்டில் தரையில் உருண்டு கிடக்கிறது, உன் தோள் வீங்கிக் கிடக்கிறது. அதன்பிறகு அந்தக் கையில் விரல் பட்டாலே அலறினாய்.

கடைசியில் அடையாறு அம்மாவே வந்தார். "தோள் மூட்டு எறங்கியிருக்கு. இந்தக் கையில யார் கனம் தூக்கச் சொன்னது?" என்று என்னைத்தான் முறைத்தார். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அவர் போனதும், "நான் இருக்கற வரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடாத" என்றாய்.

விடவில்லை. அவன் போனில் "கை எப்படி இருக்கு?" என்று கேட்டபோதெல்லாம் "இருக்கு" என்றேன். ஊட்டினேன், குளிப்பாட்டினேன், உன் ஏச்சையும் வாங்கினேன். பெருமையெல்லாம் அவன் கண்ணுக்கு, பீத்துணி என் கைக்கு. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை அம்மா. நீ செய்தது அநியாயம்.

இப்போது நீ இல்லை. அதனால் நேற்று, அண்ணன் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கேசட்டைப் பின்னால் ஓட்டியபோது, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நெற்றிக்குக் கை போகும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நடுங்கிக்கொண்டு நின்ற படத்தில், பட்டின் ஓரத்துக்குக் கீழே ஒரு வளையல் தெரிந்தது.

"இது அம்மா வளையல் இல்ல, என்னோடது. அந்தக் கையத் தூக்கினது நான்."

அத்தை டிவிக்கு அருகில் வந்து அந்த வளையலைக் குனிந்து பார்த்தாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றான் அண்ணன். "உங்கிட்டதான் சொல்லக் கூடாதுன்னாங்க" என்றேன். அவன் எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். பிரியாணி அடிப்பிடித்த வாசம் வந்தும் யாரும் எழவில்லை. சொல்லிவிட்டால் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

இன்று காலை கோயிலுக்குப் போனேன். சிலுவை போட என் வலது கை எழுந்தபோது, இடது கை தானாகவே போய் அந்த முழங்கையைத் தாங்கிக்கொண்டது. எனக்கு உன் மேல் வந்த ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை. ஆனாலும் சிலுவை போட்டு முடிக்கும்வரை அந்த இடது கையை நான் எடுக்கவில்லை.