பௌர்ணமி மறுநாள் நோட்டீஸ்

டீச்சர்,

இன்று காலை பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தியபோது முன் சக்கரத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று பௌர்ணமி. கிரிவலம் வந்தவர்கள் கையில் யாராவது எதையாவது திணித்திருப்பார்கள். அவர்களும் நாலு அடி நடந்ததும் கீழே விட்டிருப்பார்கள். உரித்து எடுத்தேன். ரோஸ் நிறத் தாள், மூட்டு வலித் தைலம். ஈரத்தில் ஓரம் கலைந்திருந்தாலும் அச்சு மை வாடை போகவில்லை. மல்லிகைப்பூ வாசத்தில் நினைவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மூட்டு வலித் தைல நோட்டீஸில் வருகிறீர்கள். இதைச் சொன்னால் சிரித்திருப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மாறுதலில் நம் பள்ளிக்கு வந்த புதிதில் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் என்ற பெயரில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் அலுவலக வேலையும் என்னிடம். கீழ் வகுப்புகள் மூன்றும் உங்களிடம். டவுனில் உங்கள் வீட்டுக்காரரின் பூட்டுக் கடையைத் திறந்து கொடுத்துவிட்டு பஸ் பிடித்து, பள்ளி இருக்கும் அடி அண்ணாமலையிலேயே குடியிருக்கும் எனக்கு முன்னால் வந்து நிற்பீர்கள். அதுவே எனக்கு உறுத்தல். இருவரும் ஒருவரையொருவர் டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். கடைசிவரை பெயர் வாயில் வரவில்லை.

அந்த வருடம் அதிகாரி ஆய்வுக்கு வந்தது நினைவிருக்கிறதா? நான் தயாராகத்தான் இருந்தேன். நாலாம் வகுப்பு தர்ஷினி எழுந்து நின்று தமிழ்ப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படித்தாள். கிரிவலப் பாதையில் எலுமிச்சை ஜூஸ் கடை போடும் அம்மாவுக்கு ஒரே மகள். அதிகாரி பாராட்டி எழுதிவிட்டுப் போனார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் நீங்கள் என் வகுப்புக்குள் வந்து, கைப்பையிலிருந்து ஒரு லாட்ஜ் நோட்டீஸை எடுத்து அவளிடம் நீட்டினீர்கள்.

"இதப் படி கண்ணு."

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். அதில் மலைப் படம் போட்டிருந்தது. "மலை" என்றாள். படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரியையும் அவளால் படிக்க முடியவில்லை. பாடத்தை அவள் காதால் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு வந்த கோபம் உங்கள் மேல்தான். "என் கிளாஸ்ல வந்து நோட்டம் பாக்கச் சொல்லி உங்கள யாருங்க டீச்சர் கூப்ட்டாங்க?" என்றேன். நீங்கள் நோட்டீஸை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் உங்கள் குரல், இந்தப் பக்கம் என் குரல், நமக்குள் மட்டும் பேச்சில்லை. கடைசியில், பழிக்குப் பழி என்று நானும் ஒரு நோட்டீஸைப் பொறுக்கிக்கொண்டு உங்கள் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன். அங்கேயும் சிலர் முழித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். உங்கள் முகத்திலோ ஒரு சுளிப்பும் இல்லை.

"பாத்தீங்களா, இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் கேட்டா கரெக்டா சொல்லுதுங்க. என் மூஞ்சியப் பாத்தே பதில் சொல்லப் பழகிடுச்சுங்க. மாசம் ஒருக்கா நீங்க வந்து கேளுங்க டீச்சர். நான் அங்க வந்து கேக்கறேன்."

அப்படி ஆரம்பித்ததுதான். பௌர்ணமி மறுநாள் என்று நாளும் நீங்களே குறித்தீர்கள். அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் ராத்திரி கடையில் கண்விழித்துவிட்டுத் தூங்கி வழிந்துகொண்டு வருவார்கள், பாடம் ஏறாது. நோட்டீஸ் என்றால் தூக்கம் போய்விடும். வீட்டுமனை, அன்னதானம், பல் ஆஸ்பத்திரி என்று எதையும் விடமாட்டீர்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, யாரும் சொல்லித் தராத எழுத்து. யார் வகுப்பில் திணறல் ஜாஸ்தியோ அவர் போண்டா வாங்க வேண்டும். ஒரு ரம்ஜான் மாதத்தில் நீங்கள் தோற்று, வாங்கி வந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, "சட்னிய வேணா காலி பண்ணுங்க, ஒரு போண்டா எனக்கு எடுத்து வைங்க, நோன்பு தொறக்க ஆகும்" என்றீர்கள்.

பிறகுதான் சிக்கல் வந்தது. யார் தானாகப் படிக்கிறார்கள், யாருக்கு உதவி வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்போனில் ஏற்றச் சொன்னார்கள். நாம் உள்ளதை உள்ளபடி ஏற்றினோம். டவுனில் நடந்த கூட்டத்தில் திரையில் எல்லாப் பள்ளியும் பச்சையாக இருக்க, நம் பள்ளி மட்டும் சிவப்பாக எரிந்தது. அதிகாரி என்னை எழுப்பி நிற்க வைத்தார். "நான் வந்தப்ப அந்தப் பொண்ணு நல்லாத்தானே படிச்சுது? இப்ப என்னங்க ஆச்சு? அடுத்த மாசம் பச்சைக்கு வரலன்னா உங்க மேல நடவடிக்கைக்கு எழுத வேண்டி இருக்கும்." ஊரே பார்க்கிறதுபோல் இருந்தது எனக்கு. ஓய்வு பெறுவதற்குள் இப்படியொரு கறை வேண்டுமா என்று, திரும்பும் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, மாற்றி ஏற்றப் போனை எடுத்தேன்.

"தர்ஷினிய மட்டும் மாத்திடலாம் டீச்சர். ஒரு பட்டன்தான்."

"மாத்தலாம்" என்றீர்கள் நீங்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னீர்கள். "மாத்திட்டா நாளையிலருந்து அவளுக்கு எழுத்து சொல்லித் தரமாட்டோம். படிக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு யாருங்க எழுத்து சொல்லித் தருவாங்க?"

போனைப் பைக்குள் போட்டேன். தைரியத்தினால் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால்தான். அடுத்த மாதமும் சிவப்பு, விளக்கம் கேட்டுக் கடிதம். நீங்கள் மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் அவளோடு உட்கார்ந்துவிடுவீர்கள். என் வகுப்புப் பெண், உங்கள் சாப்பாட்டு நேரம். நானும் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

வருடக் கடைசியில் அதிகாரி திரும்பவும் வந்தார். பாடப் புத்தகத்தை எடுத்தவரிடம் நீங்கள், "சார், அது வேணாம். எங்களுக்கே தெரியாத ஒண்ணு குடுங்க" என்றீர்கள். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஜீப் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் யாரோ ஒரு நோட்டீஸைச் செருகியிருந்தார்கள். அதையே உருவிக்கொண்டு வந்து நீட்டினார். தர்ஷினி விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். முடி கொட்டுகிறதா, கவலை வேண்டாம், வழுக்கையிலும் முடி வளரும். ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள், திரும்பிப் போய் எழுத்துக் கூட்டினாள், பிடித்துவிட்டாள். முடித்ததும் அதிகாரியின் தலையை ஒரு கணம் பார்த்தாள். தாளை நாலாக மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"இத நீங்களே வச்சிக்கோங்க சார்."

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த மனிதர் தலையைத் தடவிக்கொண்டு, "புரிஞ்சுதான் படிச்சிருக்குங்க" என்று சிரித்தபோதுதான் நம் இருவருக்கும் உயிர் வந்தது. நோட்டீஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போனார். விளக்கக் கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

அதன்பின் நம் பள்ளி பச்சையிலும் சிவப்பிலும் மாறி மாறித்தான் நின்றது. நீங்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவரை எனக்கு எந்த நிறமும் பெரிதாகப் படவில்லை. உங்களுக்கு உடம்பு முடியாமல் போய், ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்க வந்தபோது கூட, "இந்த மாசம் உங்க பசங்கள யார் கேட்டாங்க?" என்றீர்கள். யாரும் கேட்கவில்லை என்றேன். "அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். அன்று அழுதேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சாகும்போதும் என் வகுப்பை நோட்டம் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

தர்ஷினி இப்போது டவுனில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பௌர்ணமிக்கு அம்மா கடையில் நின்றால், கையில் வந்த நோட்டீஸையெல்லாம் எனக்கென்று எடுத்து வைக்கிறாள்.

உங்கள் இடத்துக்கு செங்கத்துப் பக்கமிருந்து ஒரு சின்ன டீச்சர் வந்திருக்கிறார். பிள்ளைகள் அருமையாகப் படிப்பதாகச் சொன்னார். போன பௌர்ணமி மறுநாள் நோட்டீஸோடு அவர் வகுப்புக்குள் போனேன். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம் தடுப்புக்கு இரண்டு பக்கமும் பழையபடி குரல் மட்டும். நீங்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தீர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்று பிரார்த்தனை முடிந்து நான் வருகைப் பதிவை எடுக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. அவர்தான். கையில் ஒரு பல் ஆஸ்பத்திரி நோட்டீஸ்.

"டீச்சர், உங்க பசங்கள நான் கேக்கலாங்களா?"

கேட்டார். நன்றாகப் படிப்பதாக நான் நம்பியிருந்த ஐந்தாம் வகுப்பிலேயே மூன்று பேர் திணறினார்கள். "இது உங்களுக்குத் தெரியுங்களா டீச்சர்?" என்று தயங்கிக்கொண்டே கேட்டார். "தெரியாதுங்க டீச்சர்" என்றேன். இப்படிக் கூச்சமில்லாமல் சொல்ல வைத்துவிட்டுத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

போண்டா நான்தான் வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கென்று ஒன்று எடுத்து வைக்கக் கை போனது. பிறகு அதை அவர் தட்டிலேயே வைத்தேன். அந்த ரோஸ் தாளை ஜன்னலில் கல் வைத்துக் காயப் போட்டிருக்கிறேன். நாளை மதியம் வேப்ப மரத்தடியில், அந்த மூன்று பேரோடு, அதில்தான் தொடங்க வேண்டும்.